கூடிக் கொடுத்தால் கட்டணம் குறையும்

(ஆடு, மாடு, கோழி வளர்க்கும் தோட்டத் தொழிலாளர்களுக்கான உரை)

 

பேராக் மாநிலத்தில் கோலகங்சார் முதல் சுங்கை சிப்புட், ஈப்போ, கோப்பேங், தாப்பா, பீடோர் வரையிலுள்ள தோட்டப்புறங்களில், காலையில் பால்மரம் வெட்டி, மாலையில் மாட்டுக்குப் புல் அறுத்துப் பிழைக்கும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இருந்து வந்துள்ளன. அத்தகைய குடும்பங்களுக்கு விவசாய, கால்நடை உதவிகள் எங்கே கிடைக்கின்றன, அவற்றுள் எவற்றுக்குக் கட்டணம் உண்டு, அந்தக் கட்டணத்தை வீணாக்காமல் பயன்பெறுவது எப்படி என்பனவற்றை இன்று உங்களுடன் பேச விரும்புகிறோம்.

மாடு வளர்ப்பு நமக்குப் புதிய தொழில் அன்று. நம் முன்னோர் கப்பலேறி இந்நாட்டுக்கு வந்த காலத்தில் இந்தியாவிலிருந்து மாடுகளும் வந்தன. அவற்றின் வழிவந்த கலப்பு இனத்தை நம் நாட்டுக் கால்நடை இலாகாவினர் 'உள்நாட்டு இந்தியக் கறவை மாடு' என்றே பெயரிட்டு அழைத்தனர். பின்னர் 1970களில் பால் உற்பத்தியைப் பெருக்க அரசாங்கம் முனைந்தபோது, சாஹிவால் இனத்தையும் பிரீசியன் இனத்தையும் கலந்த மாடுகள் வெளிநாடுகளிலிருந்து தருவிக்கப்பட்டன. சிறு வளர்ப்பாளரிடமிருந்து பாலைப் பெறுவதற்குப் பால் சேகரிப்பு நிலையங்களும் அமைக்கப்பட்டன. இந்நாட்டுப் பால் தொழிலின் அடித்தளத்தில் தோட்டத்து மாட்டுக் கொட்டகை இருந்தது என்பதில் ஐயமில்லை.

இத்தொழிலின் அருமையைத் தோட்டத் தொழிலாளிக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. விடியலில் மழை பிடித்துக்கொண்டால் மரம் நனைந்துவிடும். பால் வெட்டு நின்றுவிடும். மரங்கள் இலையுதிர்க்கும் மாதங்களிலும் பால் குறையும். ஆனால் மாடு மழையென்று பால் தராமல் இருப்பதில்லை. மேலும், பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களில் பல துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், வீடமைப்புக்கு விடப்பட்டும் போயின. வேலை மாறினாலும் உடன் வரும் சொத்து கைத்திறனும் கால்நடையுமே. அத்தகைய ஒரே பசு நோயில் விழுந்து மாண்டால், அந்தக் குடும்பத்தின் சேமிப்பு முழுதும் ஒரே நாளில் போய்விடுகிறது. ஆகவேதான் இப்பொருள் பற்றிப் பேசுவது அவசியமாகிறது.

கட்டணம் எதற்கு?

"ஐயா, அரசாங்க உதவிதானே? அதற்கு ஏன் காசு?" என்பது பலரும் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்வியே. இதற்கு விடை காண, உதவிகளை இரு வகையாகப் பிரித்துப் பார்த்தல் வேண்டும்.

முதலாவது, ஊர் முழுவதற்கும் பயன்படும் உதவி. ஒரு வீட்டு மாட்டுக்குக் கோமாரி நோய் கண்டால், அது அடுத்த லயத்துக்கும் அடுத்த தோட்டத்துக்கும் பரவும். அந்நோயைக் கண்டறிவதும், பரவாமல் தடுப்பதும், மாடுகள் இடம் பெயராமல் கட்டுப்படுத்துவதும் நாட்டின் பொறுப்பு. நோய் கண்டதைத் தெரிவிக்க ஒரு காசும் செலவில்லை. அவ்வாறு தெரிவிப்பது 1953ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டப்படி நமக்குள்ள கடமையுமாகும்.

இரண்டாவது, தனி ஒருவருக்குப் பயன் தரும் உதவி. ஒருவரின் பசுவுக்குச் சினை ஊசி போடுவது, நோயுற்ற ஆட்டுக்குச் சிகிச்சை செய்வது, உழுவதற்கு இயந்திரம் வாடகைக்குத் தருவது போன்றவை இவ்வகையின. இவற்றால் வரும் இலாபம் உரிமையாளருக்கே சேர்கிறது. ஆகவே, செலவில் ஒரு பகுதியை அவர் ஏற்பது முறை எனக் கருதப்படுகிறது. அரசாங்க இலாகாக்கள் பெறும் கட்டணங்கள் 1951ஆம் ஆண்டின் கட்டணச் சட்டத்தின் கீழ் விதிக்கப்படுகின்றன. எவரும் தம் மனம்போல் ஒரு தொகையைக் கேட்டுவிட முடியாது. கட்டணம் செலுத்தியவருக்கு அரசாங்க ரசீது கிடைத்தாக வேண்டும். ரசீது தராமல் கேட்கப்படும் காசு கட்டணம் ஆகாது. அதைக் கொடுக்கவேண்டிய கடமையும் நமக்கில்லை.

பலர் சேர்ந்து செலுத்தும் சிறு தொகை எத்துணைப் பயன் தரும் என்பதற்கு ரப்பர்த் தொழிலே நல்ல சான்று. ஏற்றுமதியாகும் ரப்பரின் ஒவ்வொரு கிலோவுக்கும் 'செஸ்' என்னும் சிறு தொகை பிடிக்கப்படுகிறது. 1952இல் மறுநடவு நிதிக்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. அந்நிதியிலிருந்து சிறு தோட்டக்காரர் பழைய மரங்களை வெட்டிப் புதிய மரங்களை நட உதவி பெற்றனர். 1973இல் அமைக்கப்பட்ட 'ரிஸ்டா' அப்பணியைத் தொடர்ந்தது. ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் செலவுக்கும் செஸ் தொகையே பெரிதும் உதவியது. நம்மவர் நன்கறிந்த 'ஆர்.ஆர்.ஐ.எம். 600' என்னும் மர வகை அக்கழகத்தில் உருவானதே. தனி ஒருவரின் சில காசு எதற்கும் போதாது. எல்லோருடைய காசும் சேர்ந்தபோது அதிகப் பால் தரும் மரம் கிடைத்தது.

ஒரு குப்பி மருந்தின் கணக்கு

இந்தக் கணக்கை நம் வீட்டுக் கோழிக்குப் பொருத்திப் பார்ப்போம். தோட்டப்புறக் கோழிகளைக் கூட்டங்கூட்டமாக அழிக்கும் நோய் வெள்ளைக் கழிச்சல் நோய். மலாய் மொழியில் 'சம்பார் ஆயாம்' என்பார்கள். கோழி கழிந்து, மூச்சுத் திணறி, கழுத்து முறுக்கிக்கொண்டு சாகும். நோய் வந்தபின் அதற்கு மருந்து இல்லை. முன்கூட்டியே தடுப்பு மருந்து கொடுப்பதே வழி.

இந்த மருந்துக்காக நாம் வெகுதூரம் பார்க்க வேண்டியதில்லை. 1948இல் நம் ஈப்போ நகரிலேயே கால்நடை ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. நோய்களைப் பரிசோதித்தறிவதும் தடுப்பு மருந்துகளைத் தயாரிப்பதும் அதன் பணிகளில் முக்கியமானவை. மருந்து அருகிலேயே உண்டாகியும், லயத்துக் கோழிகள் ஏன் மாண்டன?

காரணம் குப்பியின் அளவு. இம்மருந்து நூறு கோழிகளுக்கோ அதற்கு மேலோ போதுமான அளவில்தான் பெரும்பாலும் ஒரு குப்பியாக அடைக்கப்படுகிறது. அது உயிருள்ள கிருமியைக் கொண்ட மருந்து. குளிர்ப்பெட்டியில் 2 முதல் 8 பாகை வெப்பத்தில் வைத்திருக்க வேண்டும். கரைத்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். எட்டுக் கோழி வைத்திருக்கும் ஓர் அம்மாள் ஒரு குப்பி வாங்கினால், எட்டுக் கோழிக்குக் கொடுத்துவிட்டு மீதியைக் கொட்டத்தான் வேண்டும். அந்தச் செலவு அவருக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே அவர் வாங்குவதில்லை. அடுத்த வீட்டுக்காரரும் அதே காரணத்தால் வாங்குவதில்லை. நோய் வரும்போது இரு வீட்டுக் கோழிகளும் போய்விடுகின்றன.

கணக்குக்காக ஒரு குப்பியின் விலையும் அதைக் கொண்டுவரும் செலவும் சேர்ந்து 20 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். எட்டுக் கோழி உள்ளவர் தனியே வாங்கினால் கோழி ஒன்றுக்கு இரண்டரை வெள்ளி விழும். லயத்தில் பன்னிரண்டு வீட்டார் கூடி நூறு கோழிகளுக்கு ஒரே நாளில் மருந்து கொடுத்தால், கோழி ஒன்றுக்கு 20 காசுதான். மருந்தின் விலை மாறவில்லை. இலாகாவும் சலுகை தரவில்லை. லயத்தார் ஒரு நாளைக் குறித்துக்கொண்டதால் மட்டுமே கட்டணம் ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒரு பங்காகிவிட்டது.

இது ஏட்டுக் கணக்கன்று. 1980களில் நம் நாட்டு வேளாண் பல்கலைக்கழக அறிஞர்கள், ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தாருடன் சேர்ந்து, கம்பத்துக் கோழிகளுக்கென ஓரளவு வெப்பம் தாங்கும் தடுப்பு மருந்தைத் தீவனத்தில் கலந்து கொடுத்து ஆராய்ந்தனர். அம்முயற்சியின் தொடர்ச்சியாக வெப்பம் தாங்கும் மற்றொரு மருந்து ஆப்பிரிக்காவின் மொசாம்பிக், தன்சானியா ஆகிய நாடுகளுக்குச் சென்றது. அங்கே கிராமத்திலேயே ஒருவருக்கு, பல இடங்களில் பெண்களுக்கு, பயிற்சி கொடுத்தனர். அவர்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை வீடு வீடாகச் சென்று கோழியின் கண்ணில் ஒரு சொட்டு விட்டு, கோழி ஒன்றுக்கு இவ்வளவு என்று சிறு கட்டணம் பெற்றார்கள். ஏழை மக்களும் அந்தக் கட்டணத்தைக் கொடுத்தார்கள். தங்கள் கோழி பிழைத்திருப்பதை அவர்கள் கண்ணாரக் கண்டதே அதற்குக் காரணம்.

சினை ஊசியும் நேரமும்

அடுத்துப் பசுக்களுக்குச் செய்யப்படும் செயற்கை முறைக் கருவூட்டலைக் கவனிப்போம். இதனைச் சினை ஊசி என்று வழங்குகிறோம். உயர்ந்த இனக் காளையின் விந்தைத் திரவ நைட்ரஜனில், பூச்சியத்துக்குக் கீழே 196 பாகைக் குளிரில் பாதுகாத்து வைத்து, வேண்டியபோது பசுவுக்குச் செலுத்துகிறார்கள். காளை வளர்க்கும் செலவின்றி நல்ல கன்று பெற இது வழி.

ஆயினும் கட்டணம் கொடுத்தும் பசு சினைப்படவில்லை என்று குறைகூறுவோர் உளர். பெரும்பாலும் இதற்குக் காரணம் நேரம் தவறுவதே. பசுவுக்கு ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை பருவம் வரும். அது அரை நாள் முதல் முக்கால் நாள் வரையே நீடிக்கும். பசு கத்துவதும், மற்ற மாட்டின் மேல் தாவுவதும், மற்ற மாடு தன்மேல் தாவும்போது அசையாமல் நிற்பதும், கண்ணாடி போன்ற நீர் வடிவதும் அதன் அடையாளங்கள். காலையில் இவற்றைக் கண்டால் அன்று மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் ஊசி போடுவது பொருத்தமாகும்.

வெட்டுக்குப் போனவர் வீடு திரும்பிக் குளித்துச் சாப்பிட்டு, நாளை பார்க்கலாம் என்று விட்டுவிட்டால், அடுத்த வாய்ப்புக்கு மேலும் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். அந்த மூன்று வாரத் தீவனமும் தள்ளிப்போன பாலும் ஊசிக் கட்டணத்தைவிட அதிக நட்டம். ஆகவே, பசுவின் பருவ நாள், ஊசி போட்ட நாள், ஈன்ற நாள் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வருதல் வேண்டும். பள்ளி செல்லும் பிள்ளையிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைக்கலாம். பத்து மாடு உள்ள லயத்தில் குறிப்பேடு ஒன்றிருந்தால், அதிகாரி வரும் ஒரே பயணத்தில் பல மாடுகளைக் காட்டி மற்றச் சோதனைகளையும் முடித்துக்கொள்ளலாம்.

சொல்லாமல் மறைத்த நோய்

கட்டணத்துக்கும் அலைச்சலுக்கும் அஞ்சி, அல்லது மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று அஞ்சி, நோயை மறைப்பவர்களும் இருக்கக்கூடும். இதன் ஆபத்தைப் பேராக் மக்களாகிய நாம் மறக்கக்கூடாது.

1998ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஈப்போவை அடுத்த கிந்தா வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு மூளைக் காய்ச்சல் கண்டது. முதலில் அது கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்றே எண்ணப்பட்டது. பண்ணைகளில் பன்றிகள் உரத்த குரலில் இருமிக்கொண்டிருந்தன. நோயுற்ற பன்றிகள் விற்கப்பட்டு வேறு மாநிலத்துக்குச் சென்றன. நோயும் அவற்றுடன் நெகிரி செம்பிலானுக்குச் சென்றது. 1999 மார்ச் மாதத்தில்தான் அது 'நிப்பா' என்னும் புதிய கிருமி என்பது மலாயாப் பல்கலைக்கழகத்தில் கண்டறியப்பட்டது. அது பழந்தின்னி வௌவால்களிடமிருந்து பன்றிகளுக்கு வந்த கிருமி. மொத்தம் 265 பேர் நோயுற்றனர். அவர்களுள் 105 பேர் மாண்டனர். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. விலங்கின் இருமல் மனிதரின் உயிர்ப் பிரச்சினை ஆகலாம் என்பதை நம் மாநிலம் விலை கொடுத்துக் கற்றது.

ஆகவே, ஒரே சமயத்தில் பல கோழிகள் சாவது, மாட்டின் வாயிலும் குளம்பிலும் புண் காண்பது, காரணமின்றிக் கன்று கலைவது ஆகியவற்றைக் கண்டால் உடனே மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். நோயுற்றதை விற்காதீர்கள், செத்ததைச் சமைக்காதீர்கள், ஆற்றில் எறியாதீர்கள். ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்கு மாடு கொண்டு செல்வதானால் அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என்பதையும் மனத்திற் கொள்க.

கட்டணம் எட்டாதபோது

கட்டணம் எப்போதும் நன்மையே என்று நாம் கூறவில்லை. கென்யா நாட்டில் சினை ஊசிச் சேவை நெடுங்காலம் அரசாங்க உதவியோடு மலிவாகக் கிடைத்தது. 1990களில் அது தனியார் கைக்கு விடப்பட்டு, முழுச் செலவையும் வளர்ப்பாளரே ஏற்கும் நிலை வந்தது. ஊருக்கு அருகில் இருந்தோர் சமாளித்தனர். தொலைவில் இருந்த ஏழைகளை நாடி ஊசி போடுவோர் செல்லவில்லை. ஊசிகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. பலர் பழையபடி கிடைத்த காளையை நாடினர்.

இந்தியாவின் குஜராத் மாநிலத்தில் வேறொரு வழி கண்டனர். 1946இல் கேடா மாவட்டத்துப் பால் உற்பத்தியாளர்கள் திரிபுவன்தாஸ் பட்டேலின் தலைமையில் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். அதுவே 'அமுல்' என்று புகழ்பெற்றது. ஒன்றிரண்டு எருமை வைத்திருந்தவர்களின் பாலெல்லாம் ஒன்றாகச் சேர்ந்தபோது, சங்கமே கால்நடை மருத்துவரை நியமித்து ஊர் ஊராக அனுப்ப முடிந்தது. மருத்துவர் முறைப்படி வரும் நாளில் காட்டியவருக்குச் செலவு குறைவு. அவசரமாகத் தனியே அழைத்தவர் அதற்கென்று கட்டணம் கொடுத்தார். இரண்டும் முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு.

நமக்கும் இந்தப் பாடம் அந்நியமன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வேலை இழந்து நின்ற காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன், 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் தவணை முறையில் கட்டிய பங்குத் தொகை கெடா மாநிலத்தில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியது. ஊர் கூடினால் தேர் நகரும் என்பதைத் தோட்டத் தொழிலாளியே செய்து காட்டியிருக்கிறார். தோட்டம் வாங்கிய கைகளுக்கு ஒரு குப்பி மருந்து வாங்குவது பெரிய காரியமா?

நீங்கள் செய்ய வேண்டியவை

முதலாவதாக, உங்கள் லயத்திலோ வீடமைப்பிலோ கால்நடை வைத்திருப்போர் அனைவரும் ஒருநாள் கூடி, யாரிடம் எத்தனை என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். தோட்டத்தில் கொட்டகை போடுவதற்கு நிர்வாகத்தின் அனுமதி உண்டா என்பதையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். அனுமதியற்ற கொட்டகை என்றைக்கும் ஆபத்தானது.

இரண்டாவதாக, இருவரைத் தேர்ந்து மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்துக்கு அனுப்புங்கள். எவ்வுதவி இலவசம், எதற்கு எவ்வளவு கட்டணம், எந்த நாளில் வருவார்கள் என்று கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். கட்டணம் காலத்துக்குக் காலம் மாறுமாதலால், பிறர் சொல்லக் கேட்டு நம்பிவிடாதீர்கள்.

மூன்றாவதாக, காய்கறியோ பழமரமோ பயிரிடுவோர் தங்கள் வட்டார விவசாயிகள் சங்கத்தை அணுகுங்கள். 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த இச்சங்கங்கள் உரம், கருவிகள், விற்பனை ஆகியவற்றில் உறுப்பினருக்கு உதவுகின்றன. விளைபொருளின் சந்தை விலை பற்றி அறிய 1965இல் தொடங்கப்பட்ட 'ஃபாமா' உண்டு. கடனுதவிக்கு, 1969இல் விவசாய வங்கியாகத் தோன்றி 2008 முதல் 'அக்ரோபேங்க்' என்று வழங்கும் வங்கி உண்டு. கடன் வாங்குமுன் மாதத் தவணையையும் மற்றச் செலவுகளையும் எழுத்தில் பெற்று, விவரம் அறிந்த ஒருவரிடம் காட்டிப் பின்னரே கையொப்பமிடுங்கள்.

நான்காவதாக, கோழிக்குத் தடுப்பு மருந்து கொடுக்கும் நாளையும் பொறுப்பாளரையும் இப்போதே குறித்துவிடுங்கள். பெண்கள் இப்பொறுப்பை ஏற்பது மிகவும் பொருத்தம். கோழியின் குறையைக் கண்ணால் பார்த்தே அறிபவர்கள் அவர்களே. கொடுத்த காசுக்கு ரசீது, பெற்ற உதவிக்குக் குறிப்பு, மீந்த காசுக்குக் கணக்கு ஆகிய மூன்றும் ஒரே ஏட்டில் எவரும் பார்க்கும்படி இருக்கட்டும். கணக்குத் தெளிவாக இருந்தால் கூட்டு நிலைக்கும்.

பெருமக்களே! உதவியைப் பெறுவதற்கு இலாகாவின் வாசலில் தனியே நிற்பவர் கேட்பது ஒரு வேண்டுகோள். லயத்தார் பெயர்ப் பட்டியலோடும் குறித்த நாளோடும் உரிய கட்டணத்தோடும் சென்று கேட்பது உரிமை. அதிகாரியும் அந்தப் பயணத்துக்கு நேரம் ஒதுக்குவார், மருந்தும் வீணாகாது, உங்கள் காசும் வீணாகாது. அடுத்த சம்பள நாளுக்குள் உங்கள் லயத்தின் பட்டியலை எழுதி முடிப்பீர்கள் என்று நம்புகிறோம். எழுதத் துணை தேவைப்பட்டால் தகவல் இலாகா அதிகாரிகளை அணுகலாம்; மகிழ்ச்சியோடு உதவுவோம்.